விருந்தினரை வரவேற்க வேண்டியவர் யார்?

நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை, அம்பகமுவ, நுவரெலியா பிரதேச சபைகளின் தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,



இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உறுப்பினர்கள் இல்லாமல் கிடந்த சபைகளுக்கு 2025 மே மாதத் தேர்தலில் நாங்கள் உங்களை அனுப்பினோம். வீதி விளக்கு, குப்பை, மயானம், கான் என்று உங்கள் மேசையில் குவியும் கோரிக்கைகளுக்கு நடுவே இன்னொரு வகைக் கடதாசியும் வருகிறது. இனிமேல் அது கூடுதலாகவே வரும். விடுதி கட்ட அனுமதி, பழைய பங்களாவை ஹோட்டலாக மாற்ற அனுமதி, மலை உச்சியில் பார்வைத் தளம் அமைக்க அனுமதி என்று கேட்கும் கடதாசிகள் அவை. தேயிலையின் இலாபம் குறையக் குறைய, தோட்டங்களின் கண் உல்லாசப் பயணிகள் பக்கம் திரும்புவது இயல்பு. அதை எதிர்க்கச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. பயணிகள் வரட்டும். அவர்களை வரவேற்கும் இடத்தில் யார் நிற்பது என்பதை மட்டும் கையெழுத்துப் போடுவதற்கு முன் தீர்மானித்துக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள். ஒரு தோட்ட டிவிஷனில் வாழும் மக்கள் அங்கு வரும் விருந்தினருக்கு வீட்டுக்காரராக இருந்தால் அந்த வருகையால் அவர்களுக்குப் பலன் உண்டு. வேலைக்காரராகவோ காட்சியாகவோ மட்டும் இருந்தால், எத்தனை ஆயிரம் பேர் வந்தாலும் லயத்துக் கூரைத் தகரம் மாறாது. இதை நம்புவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. அவற்றுள் வலுவானது நம் மழைநாட்டுக்குச் சற்றும் பொருந்தாத ஒரு வறண்ட தேசத்திலிருந்து கிடைக்கிறது.

இந்தியாவின் குஜராத்தில், கட்ச் மாவட்டத்தின் வடக்கே பெரிய ரண் என்ற உப்புவெளி இருக்கிறது. மழைக்காலத்தில் நீர் தேங்கிக் கிடக்கும் அந்த நிலம், பின்னர் வற்றி, கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளையாக உறைந்துவிடும். அதன் ஓரத்துப் புல்வெளியில், புஜ் நகரிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீற்றர் தொலைவில் ஹோட்கா என்றொரு கிராமம். மாடு மேய்ப்பவர்கள், தோல் வேலை செய்பவர்கள், கண்ணாடித் துண்டு பதித்துத் துணியில் பூவேலை செய்யும் பெண்கள் வாழும் ஊர். 2001 ஜனவரி 26 ஆம் திகதி வந்த பூகம்பம் கட்ச் மாவட்டத்தையே தரைமட்டமாக்கியது. அதற்குப் பின்வந்த ஆண்டுகளில் இந்தியச் சுற்றுலா அமைச்சும் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டமும் சேர்ந்து நாடு முழுவதும் தேர்ந்தெடுத்த சில கிராமங்களில் ஒரு பரீட்சை நடத்தின. விருந்தினர் விடுதியைக் கிராமமே சொந்தமாக வைத்து நடத்தினால் என்ன ஆகும் என்பதே பரீட்சை. ஹோட்காவில் கிராமக் குழு ஒன்று அமைந்தது. 'ஷாமே சர்ஹத்' என்ற விடுதியை ஊரார் தாங்களே எழுப்பினார்கள். பூகம்பத்தைத் தாங்கி நின்ற, அவர்களுடைய வழக்கமான வட்ட மண்வீடுகளின் பாணியிலேயே அறைகள் கட்டப்பட்டன. சமையல் ஊராருடையது, கைவேலைக் காட்சி ஊராருடையது. வருபவர் எங்கே போகலாம், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்பவர்களும் ஊரார்தான். கோடையில் விடுதியைப் பூட்டிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விடுவார்கள். இந்தக் கடைசி விபரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அதே உப்புவெளியின் ஓரத்தில் இன்னும் சற்று வடக்கே தோர்டோ இருக்கிறது. 2000களின் நடுப்பகுதியிலிருந்து குஜராத் அரசு நடத்திவரும் ரண் உற்சவத்தின் மையம் அது. குளிர்காலத்தில் அங்கே ஒரு கூடார நகரமே எழுகிறது. 2023 பெப்ரவரியில் ஜி-20 நாடுகளின் சுற்றுலாக் கூட்டம் அங்கேதான் நடந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் ஐக்கிய நாடுகளின் உலகச் சுற்றுலா அமைப்பு தோர்டோவைச் சிறந்த சுற்றுலாக் கிராமங்களுள் ஒன்றாக அறிவித்தது. தோர்டோவும் கெட்டுப்போகவில்லை. வீதி வந்தது, வியாபாரம் வந்தது, கைவினைப் பொருளுக்குச் சந்தை வந்தது. ஆனால் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மறைக்க முடியாது. கூடார நகரின் அளவு, பருவம், விலை எல்லாம் அரசின் தீர்மானமும் வெளியிலிருந்து வந்த ஒப்பந்தக்காரரின் கணக்கும். ஹோட்காவின் விடுதி சிறியது. அதன் தீர்மானங்கள் ஊரில் எடுக்கப்படுபவை. பெருந்தொகையான பயணிகள் வேண்டுமென்றால் தோர்டோவின் வழி வேகமானது. ஊராரின் சொல் எடுபட வேண்டுமென்றால் ஹோட்காவின் வழியே சரி. நம்மிடம் முதல் வகை ஏற்கெனவே நிறைய இருக்கிறது என்பதால் நான் இரண்டாவதன் பக்கம் நிற்கிறேன்.

கட்ச் ரண் பகுதியிலேயே மூன்றாவது ஓர் உதாரணமும் உண்டு. நமக்கு மிகவும் நெருக்கமானது அதுதான். சிறிய ரண் எனப்படும் தென்கிழக்குப் பகுதியில் அகரியா எனும் உப்பளத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக நிலத்தடி உவர்நீரை இறைத்து உப்பு விளைவிக்கிறார்கள். வருடத்தில் பாதிக்கு மேல் அந்த வெளியிலேயே குடிசை போட்டு வாழ்கிறார்கள். 1973 இல் அந்த இடம் காட்டுக்கழுதைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு அங்கு முறையான நில அளவை நடக்காததால், அரச ஏடுகளில் அந்த நிலம் அளவை எண் பூச்சியம். காட்டுக்கழுதையையும் பூநாரையையும் பார்க்க வரும் வண்டிகள் உப்புப் பாத்திகளுக்குப் பக்கத்தால் போகின்றன. அகரியாவின் பெயர் எந்த நில ஏட்டிலும் இல்லாதபடியால், அந்தப் பயணத்தில் அவர் வழியோரக் காட்சி. இதை வாசிக்கும் எந்தத் தோட்டத்துப் பிள்ளைக்கும் விளக்கம் தேவைப்படாது. 1972 இலும் 1975 இலும் வந்த காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் முகாமை பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. குத்தகை 2045 வரை ஓடுகிறது. துரையிடமிருந்து அரசுக்கும் அரசிடமிருந்து கம்பனிக்கும் காணி கைமாறிய அத்தனை தடவையும், அதில் குடியிருந்தவரிடம் எவரும் ஒரு கையெழுத்துக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டவரின் கையெழுத்துக்கு எந்தக் கந்தோரில் மதிப்பு இருந்திருக்கும்?

இனி நம் இடத்துக்கு வருவோம். பயணிகள் வருவார்களா என்ற கேள்வி இங்கே எழவே இல்லை, அவர்கள் வந்துவிட்டார்கள். கந்தப்பளையில் ஒரு பழைய தேயிலை ஆலை 1996 முதல் ஹோட்டலாக இருக்கிறது. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள துரைமார் பங்களாக்கள் 2005 முதல் உலகப் பணக்காரர்கள் தங்கும் விடுதிகளாகிவிட்டன. மவுசாக்கலையில் நீர்மட்டம் தாழும்போது, அணைக்காக மூழ்கடிக்கப்பட்ட பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் வெளியே தெரியும். அந்த நாட்களில் அதைப் பார்க்கக் கூட்டம் வருகிறது. பெக்கோ நடைபாதை என்று வெளிநாட்டு உதவியுடன் அடையாளமிடப்பட்ட 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதை 22 கட்டங்களாகக் கண்டியிலிருந்து நுவரெலியா வரை சுற்றி வருகிறது. கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, டயகம என்று உங்கள் எல்லைகளுக்குள்ளேயே அதன் கட்டங்கள் கிடக்கின்றன. முதுகுப்பையுடன் நடக்கும் வெள்ளைக்காரர் கொழுந்து மடுவத்தைத் தாண்டி, பிள்ளைக் காம்பராவைத் தாண்டி, லயத்து வாசலால் போகிறார். தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிறார். நம் சனம் கொடுக்கிறது, தேத்தண்ணியும் சேர்த்தே கொடுக்கிறது. இரவுக்கு அவர் எங்கே தங்குகிறாரோ அங்கேதான் காசு விழுகிறது. பெரும்பாலும் அது லயமிருக்கும் டிவிஷன் அல்ல.

இதில் சபைக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. சபைக்கு நெடுங்காலம் வேலை இல்லாமல்தான் இருந்தது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் ஒரு கொங்கிறீட் பாதை போடுவதற்குக்கூட சபைப் பணத்தைத் தொட முடியாது என்றார்கள். வாக்கு மட்டும் தோட்டத்திலிருந்து வேண்டும், வசதி போகக் கூடாது என்ற விசித்திரமான சட்டம் முப்பது வருடம் நின்றது. 2018 இல் அது திருத்தப்பட்டது. அதே காலத்தில்தான் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்ற புதிய சபைகளும் பிறந்தன. பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையும் 2018 இல் சட்டமாகியது. ஆகவே உங்கள் முன்னோடிகளுக்கு இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. கட்டட அனுமதி உங்கள் கையில். மண்சரிவு அபாயமுள்ள நம் மாவட்டத்தில் அதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சம்மதமும் தேவை என்பதால், யாரும் ஒரே இரவில் விடுதி எழுப்பிவிட முடியாது. சுற்றுலாச் சபையில் பதிவான ஹோட்டல்களிடமிருந்து முந்திய ஆண்டு வருமானத்தில் 1 வீதம் வரை அனுமதிக் கட்டணம் வாங்கவும் சட்டம் இடம் தருகிறது. ஒரு வீதம் சிறிய தொகைதானே என்று தள்ளிவிட வேண்டாம். ஓர் இரவுக்கு டொலரில் அறவிடும் பங்களாவின் ஒரு வீதம், ஒரு டிவிஷனுக்குக் கழிவறையும் படிக்கட்டும் கட்டப் போதும்.

சொந்தக் காணியே இல்லாத சனம் எப்படி வீட்டுக்காரர் ஆகும்? இதுதான் எதிர்த்தரப்பின் பலமான கேள்வி. ஆனால் ஹோட்காவாசிகளிடமும் பத்திரம் கட்டுக்கட்டாக இருக்கவில்லை. அந்தப் புல்வெளி 1955 இல் பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள கிராமங்கள் வன உரிமைச் சட்டத்தின் கீழ் தங்கள் பொது உரிமையைக் கேட்டுப் போராட வேண்டியிருந்தது. அவர்களிடம் இருந்தது பஞ்சாயத்து. ஊர் என்ற பெயரில் கூடி, 'இது சரி, இது வேண்டாம்' என்று சொல்லக்கூடிய ஓர் அமைப்பு. உறுதிப்பத்திரம் வந்த பிறகுதான் பேச வாய் திறக்கலாம் என்று காத்திருந்தால் 2045 வந்துவிடும். காணி உரிமைக்கான போராட்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை, அதுவே முதலாவது. தோட்ட வீட்டுத் திட்டங்களில் ஒதுக்கப்பட்ட 7 பேர்ச் காணி வீடு கட்டவே இறுக்கமான அளவு, அதற்கும் உறுதி முழுமையாகக் கைக்கு வராத குடும்பங்கள் இருக்கின்றன. ஆனாலும் டிவிஷன் மட்டத்தில் ஒரு குழு அமைக்கவும், அதைச் சபைத் தீர்மானத்தின் மூலம் அங்கீகரிக்கவும், அந்தக் குழுவின் கருத்தைக் கேட்காமல் அந்த டிவிஷனில் எந்தச் சுற்றுலா அனுமதியும் இல்லை என்று சபை வழக்கமாக்கிக்கொள்ளவும் பத்திரம் தேவையில்லை. தோட்டத் தலைவர், மாதர் சங்கம், கோயில் குழு என்று கூடிப் பழகிய சனம்தானே நம்முடையது.

அடுத்த வாதம் வேலைவாய்ப்பு. பங்களா ஹோட்டலில் சமையற்காரராக, பணியாளராக, தோட்டக்காரராக நம் பிள்ளைகள் இருக்கிறார்கள், மலையில் கொழுந்தெடுப்பதைவிட அது மேல் என்கிறார்கள். உண்மைதான். 2024 இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக வருவதற்கே எத்தனை வருடப் பேச்சுவார்த்தை, எத்தனை வழக்கு! மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று எடுக்கும் கொழுந்துக்குப் பதிலாக ஒரு சீருடையும் மாதச் சம்பளமும் கிடைப்பதை யாரும் இழிவாகப் பேச வேண்டியதில்லை. ஆனால் நூற்றைம்பது வருடமாகத் தேயிலை நமக்குத் தந்ததும் வேலைதான். வேலை இருந்தது, வீடு இருந்தது, வைத்தியசாலையும் பாடசாலையும்கூட ஒருவிதமாக இருந்தன. எல்லாம் கம்பனியின் கையில் இருந்தன. ஹோட்டல் வேலையை மட்டும் வாங்கிக்கொண்டு திருப்திப்பட்டால், கொழுந்துக்குப் பதில் தட்டு. மற்றதெல்லாம் அதே ஏற்பாடு. வேலையும் வரட்டும். அதனுடன் நாலு வீடு விருந்தினரை ஏற்கும் வீடாகவும், ஒரு மாதர் குழு நடைபாதையோரம் சாப்பாட்டுக் கடை நடத்துவதாகவும் இருந்தால், அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் அந்தக் குடும்பங்களின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்திருக்கும்.

லயத்தில் யார் வந்து தங்குவார் என்று சிலர் சிரிப்பார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒரு குடும்பமே நெருக்கி வாழும்போது விருந்தினருக்கு இடமேது என்பது நியாயமான கேள்வி. லயத்தில் தங்கவைக்கும்படி நான் சொல்லவில்லை; அப்படி ஒரு 'அனுபவத்தை' விற்பது அசிங்கம். இந்திய வீடமைப்புத் திட்டத்திலும் 2015 க்குப் பிந்திய அரச திட்டங்களிலும் எழுந்த தனி வீடுகள் இருக்கின்றன. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் வீட்டுவிடுதி என்று பதிவு செய்யும் முறை ஏற்கெனவே இருக்கிறது. ஒரு மேலதிக அறை, சுத்தமான கழிவறை, சுடுதண்ணீர் போதும். படிவத்தை நிரப்ப உதவும் ஓர் உத்தியோகத்தரைச் சபை ஒதுக்கினால் பாதி வேலை முடியும்.

நம் வறுமை காட்சிப்பொருளாகிவிடும் என்ற அச்சத்தை நான் மதிக்கிறேன், ஆனால் அந்த அச்சம் பிந்திவிட்டது. கூடை மாட்டி, படங்கு கட்டிய பெண் நம் நாட்டின் ஒவ்வொரு சுற்றுலா விளம்பரத்திலும் நூறு வருடத்துக்கு மேலாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். பெயர் மட்டும் எங்கும் இல்லை. வீதியோரத்தில் புகைப்படத்துக்கு நின்று சில்லறை வாங்கும் நிலையும் வந்துவிட்டது. அதற்காக அந்தப் பெண்களைக் குறை சொல்பவர்கள் முதலில் அவர்களின் சம்பளச் சிட்டையைப் பார்க்கட்டும். காட்சியாவதைத் தடுப்பதற்கு ஒளிந்துகொள்வது வழியல்ல, கதையைச் சொல்பவராக மாறுவதே வழி. கம்பளைக்கு அப்பால் பழைய பீகொக் தோட்டத்தில் 2007 முதல் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று இயங்குகிறது. ஒரு பழைய லயமே அங்கே காட்சிக்கூடம். கவ்வாத்துக் கத்தியும், பாத்திர பண்டமும், கடதாசிகளும் தொழிலாளர் பக்கத்திலிருந்து கதை சொல்கின்றன. தேயிலை ஆலையைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி 1867 இல் லூல்கந்துரையில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரைப் பற்றிச் சொல்வார். தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடந்து வந்த நம் முன்னோரைப் பற்றிச் சொல்ல அந்த அருங்காட்சியகம் போன்ற இடம் வேண்டும். 2023 இல் அந்த வருகையின் இருநூறாண்டு நினைவாக அதே வழியில் மறுபடி நடந்தார்களே, அந்த நடையின் கதையை ஹட்டனிலோ மஸ்கெலியாவிலோ எந்தப் பயணி எங்கே போய்க் கேட்பார்?

சுற்றுலா நிலையற்றது என்பதற்குச் சாட்சி தேட வேண்டியதில்லை. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்கள், 2020 தொற்று, 2022 இன் எரிபொருள் வரிசைகள், 2025 நவம்பரில் மலையகத்தைப் புரட்டிப்போட்ட டித்வா புயல். இதனால்தான் ஹோட்காக்காரர் கோடையில் விடுதியைப் பூட்டுவதை நினைவில் வைக்கச் சொன்னேன். அவர்களுக்கு அது இரண்டாவது வருமானம். பயணிகள் வராத வருடம் மாடு இருக்கிறது. நமக்கும் சிவனொளிபாதமலைப் பருவம் மார்கழிப் போயா முதல் வெசாக் வரை, நுவரெலியாவின் வசந்தகாலம் ஏப்ரலில். வருடத்தில் சில மாதம் ஓர் அறை வாடகைக்குப் போகும் வீடு இத்தகைய அடியைத் தாங்கும். கடன் வாங்கி எழுப்பிய பெரிய விடுதி தாங்காது. அது விழும்போது முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுபவர் யாரென்று தெரியும்.

ஓர் எச்சரிக்கையையும் சேர்க்கிறேன், அதுவும் உப்புவெளியிலிருந்துதான். பொலிவியாவின் உயுனி உப்புவெளி 10,000 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்தது, கடல் மட்டத்திலிருந்து 3,600 மீற்றருக்கு மேல் உயரம். உலகெங்கிலுமிருந்து கூட்டம் போகிறது. 1990களில் அந்த வெள்ளைவெளியின் நடுவிலேயே உப்புக் கட்டிகளால் ஒரு ஹோட்டல் கட்டினார்கள். விருந்தினரின் கழிவை அகற்ற வழியில்லாமல் 2002 இல் அதைப் பிரித்தெடுத்து, பிறகு கொல்சானி கிராமத்துக்கு அருகே வெளியின் விளிம்பில் மறுபடி கட்டினார்கள். நம் கெசல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. நல்லதண்ணியிலும் காசல்ரீ கரையிலும் நாம் விடும் கழிவு கொழும்பின் குடிநீருக்குள் போகிறது. கழிவுத் திட்டம் இல்லாத எந்த விண்ணப்பத்தையும், எந்தக் கட்சிக்காரர் கொண்டுவந்தாலும், திருப்பி அனுப்புங்கள். அபாயச் சரிவில் கேட்கப்படும் கட்டடத்துக்கும் அப்படியே; 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடிய மண் அதற்குச் சாட்சி. ஹோட்டல்காரருக்கு மண் பரிசோதனை கட்டாயம் என்றால், அதே சரிவில் லயத்தில் கிடக்கும் குடும்பத்துக்கும் அதே பரிசோதனையை முதலில் கேட்பது உங்கள் கடமை.

உங்கள் சபைகள் வெவ்வேறு கட்சிகளின் கையில் இருக்கின்றன. கொழும்பில் ஆட்சி யாருடையது என்பதைப் பொறுத்து உங்களுக்குள் இழுபறியும் இருக்கும். இந்த விடயத்துக்கு அது தேவையில்லை. பயணிகள் வந்துபோகும் டிவிஷன்களில் ஒவ்வொரு சபையும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். அங்கே மக்கள் குழுவை அமைத்து, தீர்மானம் போட்டு அங்கீகரியுங்கள். உங்கள் எல்லையில் உள்ள ஹோட்டல்களிடமிருந்து வரும் அந்த ஒரு வீதத்தில் ஒரு பங்கை அந்த டிவிஷனுக்கென்று வரவுசெலவுத் திட்டத்தில் தனியாக எழுதுங்கள். கம்பனி முகாமையாளரைக் கூட்டத்துக்கு அழையுங்கள். வராவிட்டால் அவர் வரவில்லை என்பதைக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்யுங்கள். அடுத்த வரவுசெலவுத் திட்டம் சபைக்கு வரும் நாளில், உங்கள் வட்டாரத்தில் எந்த டிவிஷனைத் தேர்ந்தீர்கள் என்று பெயர் சொல்லி அறிவியுங்கள்.

இப்படிக்கு,
ஹட்டனிலிருந்து ஒரு வாக்காளர்